அட்டை இல்லாத பிள்ளை எதுவரை படிக்கலாம்?

பர்மாவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை என்றால், வெளியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அது புரிவதே இல்லை. "கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அங்கேயேதானே இருக்கிறார்கள், அப்புறம் எப்படி அட்டை இல்லாமல் போகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2021 பிப்ரவரி 1 ராணுவ ஆட்சிக்கு அப்புறம் சாலையில் சோதனைச் சாவடிகள் பெருகின. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. செய்திகளிலோ ‘சட்டவிரோதக் குடியேறி’, ‘நாடற்றவர்’, ‘வெளிநாட்டவர்’, ‘இணைக் குடிமகன்’ என்ற சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அட்டைக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு, ஒரு பிள்ளை எந்த வகுப்பில் போய் முட்டிக்கொள்கிறது, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள்

1. அனுமதியின்றிக் குடியேறியவர்: ஒரு நாட்டின் எல்லையை விசா, பாஸ்போர்ட் இல்லாமல் கடந்து வந்தவர், அல்லது வந்த விசா முடிந்த பிறகும் தங்கிவிட்டவர். அமெரிக்காவைப் பற்றிய செய்திகளில் வருபவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

2. நாடற்றவர்: எந்த நாடும் தன் சட்டப்படி ‘இவர் என் குடிமகன்’ என்று ஏற்காதவர்.

3. சான்று இல்லாதவர்: சட்டப்படி குடியுரிமைக்குத் தகுதி உள்ளவர், ஆனால் அதைக் காட்டும் காகிதம் கையில் இல்லாதவர்.

பர்மாவில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளை முதல் வகையில் வராது. அது எந்த எல்லையையும் கடக்கவில்லை. அதன் தாத்தாவும் கடக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வகை. காகிதம் தலைமுறை தலைமுறையாக வராமலே போகும்போது மூன்றாம் வகை மெல்ல இரண்டாம் வகையாகிவிடுகிறது. பிள்ளையின் படிப்பும் அப்படித்தான் மெல்ல மெல்ல அடைபடுகிறது.

காகிதம் ஏன் முதலிலேயே இல்லை?

மூன்று போர்களில், 1824 தொடங்கி 1885 முடிய, பிரிட்டிஷார் பர்மாவைப் பிடித்தார்கள். பிடித்த நிலத்தைப் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக வைத்து ஆண்டார்கள். 1937 ஏப்ரல் 1 வரை அதுதான் நிலைமை. தஞ்சாவூரிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ புறப்பட்டு, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூனில் இறங்கியவர், ஒரே ஆட்சிக்குள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போனவர். மதுரையிலிருந்து பம்பாய்க்கு வேலைக்குப் போவது போலத்தான். பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை, ஆகவே எடுத்தவர்களும் இல்லை. ஐராவதிக் கழிமுகத்து வயல்களிலும், நெல் ஆலைகளிலும், துறைமுகத்திலும், ரயில்வேயிலும் வேலை பார்த்தார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேல்.

1937இல் பர்மா தனியாகப் பிரிந்தது. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காட்டுவழியாக நடந்தே இந்தியா நோக்கிப் போனார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். அந்த ஓட்டத்திலும் குண்டுவீச்சிலும் கிடந்த கொஞ்சநஞ்சக் காகிதமும் போயிற்று. போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

1948 ஜனவரி 4இல் சுதந்திரம். அன்றைய சட்டங்கள் இன்று நினைப்பதைவிடத் தாராளமானவை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்து, சுதந்திரத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் எட்டாண்டு பர்மாவில் வாழ்ந்தவர், நிரந்தரமாகத் தங்க விரும்பினால் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது அரசியல் சட்டம். போரில் ஓட வேண்டியிருந்தவர்களுக்காக, 1942க்கு முந்தைய பத்தாண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ இன்னும் ஒரு படி போனது: இரண்டு தலைமுறை முன்னோர் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்து, பெற்றோரும் தானும் இங்கேயே பிறந்திருந்தால் அவர் குடிமகன்தான், தனியாகத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம்.

அப்படியானால் ஏன் எடுக்கவில்லை? கிராமத்து வயற்காட்டில் கூலி வேலை செய்பவருக்கு இந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. சேர்ந்தாலும், ரங்கூனில் வக்கீல் வைத்து மனுப்போடுவது அவர் கைக்கு எட்டாத காரியம். ‘கொஞ்ச நாளில் ஊருக்குப் போகத்தானே போகிறோம்’ என்று நினைத்தவர்களும் உண்டு. தேர்ந்தெடுக்காதவர் வெளிநாட்டவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு அட்டைதான் நம்மவர்கள் இன்றும் சொல்லும் ‘எஃப்.ஆர்.சி.’ மற்றவர்களுக்கு 1950களில் தேசியப் பதிவு அட்டை கொடுத்தார்கள்: ஆணுக்குப் பச்சை, பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. இந்தப் பழைய வண்ணங்களை, கீழே வரும் புதிய வண்ணங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பாட்டியின் பழைய இளஞ்சிவப்பும் பேத்தியின் புதிய இளஞ்சிவப்பும் ஒன்றல்ல.

1962 மார்ச் 2இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின. 1964 மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 1.44 லட்சம் பேர் வந்தார்கள். சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அப்படி வந்தவைதான். போனவர்களுக்குத் தாயகம் திரும்பியவர் என்று இந்தியா ஒரு காகிதம் தந்தது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் கப்பலேறினார், தம்பி தட்டோனிலோ பெகுவிலோ துவான்டேயிலோ நிலத்தை விட மனமில்லாமல் தங்கினார் என்றால், அண்ணனின் பேரன் இன்று பொறியியல் கல்லூரியில் விண்ணப்பம் போடுகிறான். தம்பியின் பேரன் அட்டைக்காக அலைகிறான்.

1982: மூன்று வண்ணம்

இன்றும் நடப்பில் இருப்பது 1982 அக்டோபர் 15இல் வந்த குடியுரிமைச் சட்டம். இது குடிமக்களை மூன்றாகப் பிரிக்கிறது.

1. முழுக் குடிமகன், இளஞ்சிவப்பு அட்டை: கச்சின், கயா, கரேன், சின், பர்மியர், மோன், ரக்கைன், ஷான் ஆகிய இனத்தவரும், 1823க்கு முன்பே இங்கே குடியிருந்த இனத்தவரும். முதல் ஆங்கிலப் போருக்கு முந்தைய ஆண்டைக் கோடாக வைத்ததால், ஆங்கிலேயர் காலத்தில் வந்த தமிழர் இந்த வாசல் வழியாக நுழையவே முடியாது. ஆனால் இன்னொரு வாசல் உண்டு: 1982இல் சட்டம் வந்த நாளில் ஏற்கெனவே குடிமகனாக இருந்தவர், குடிமகனாகவே தொடர்வார் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது.

2. இணைக் குடிமகன், நீல அட்டை: 1948 சட்டப்படி முன்பே மனுப் போட்டவர்.

3. குடிமகனாக்கப்பட்டவர், பச்சை அட்டை: 1948 ஜனவரி 4க்கு முன்பு வந்து வாழ்ந்தவரும், அவர் இங்கே பெற்ற சந்ததியும், அப்போது மனுப் போடாமல் விட்டிருந்தால், ‘உறுதியான சான்று’ காட்டி வாங்கிக்கொள்ளலாம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், நாட்டு மொழிகளில் ஒன்றை நன்றாகப் பேச வேண்டும்.

அட்டையைக் கையில் எடுத்தால் வண்ணத்தைப் பார்க்காமலே வகையைச் சொல்லிவிடலாம். எண்ணின் முதலில் மாநில எண் இருக்கும். ரங்கூன் பகுதிக்கு 12. அடுத்து ஊரின் சுருக்கெழுத்து. அப்புறம் அடைப்புக்குள் ஒரு பர்மிய எழுத்து: முழுக் குடிமகனுக்கு ‘நைங்’, இணைக் குடிமகனுக்கு ‘ஏ’, குடிமகனாக்கப்பட்டவருக்கு ‘பியூ’. ‘ஏ’ என்றால் விருந்தாளி. நான்கு தலைமுறையாக ஒரே ஊரில் விதைத்து அறுத்தவரின் அட்டையில் விருந்தாளி என்று எழுதியிருப்பது என் மனத்தை உறுத்தும் விஷயம். ஆனால் படிப்பு என்று வரும்போது அந்த எழுத்தின் வலிமையைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நீலம், பச்சை அட்டைக்காரர்களுக்குக் குடிமகனின் உரிமைகள் உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டு, ‘அரசு அவ்வப்போது விதிக்கும் விலக்குகள் நீங்கலாக’ என்று ஒரு வாலைச் சேர்க்கிறது. எந்தக் கல்லூரியில் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு இடம் தருவது இந்த வால்தான். இன்னொன்று: இந்தச் சட்டப்படி முடிவெடுக்கும் அமைப்புகள் காரணம் சொல்லத் தேவையில்லை என்று 71ஆம் பிரிவு சொல்கிறது. மனுவைத் தள்ளினால் ஏன் தள்ளினார்கள் என்று தெரியாது. எதைத் திருத்தி மறுபடி போடுவது என்றும் தெரியாது.

சரி, நம்பிக்கை தரும் பிரிவே இல்லையா? உண்டு. ஏழாம் பிரிவு. பெற்றோரில் ஒருவர் முழுக் குடிமகன், மற்றவர் நீலமோ பச்சையோ வைத்திருப்பவர் என்றால் பிள்ளை முழுக் குடிமகன். நீல, பச்சைக் குடும்பங்களுக்குள்ளேயே மணம் நடந்தாலும் மூன்றாம் தலைமுறை முழுக் குடிமகனாகும் வழி அதில் இருக்கிறது. ஆனால் பெற்றோரில் ஒருவர் முழுக் குடிமகனாக இருந்தும், மற்றவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவராக இருந்தால், பிள்ளை பச்சை அட்டைக்குத்தான் மனுப் போட முடியும். தாய் பர்மிய இனத்தவர், இளஞ்சிவப்பு அட்டை. தந்தை அட்டையே எடுக்காத தமிழர் என்ற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. தந்தை தனக்கு அட்டை எதற்கு என்று விட்டுவிட்டது, மகள் மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியவருகிறது.

படிப்பில் எங்கே இடிக்கிறது?

முதல் நாளே பள்ளி விரட்டிவிடும் என்று நினைப்பது தவறு. வாசல் ஆரம்பத்தில் அகலமாகத்தான் இருக்கிறது. மேலே போகப் போகக் குறுகுகிறது.

தொடக்கப் பள்ளியில் பிறப்புச் சான்று கேட்பார்கள், குடும்பப் பட்டியல் கேட்பார்கள். இல்லாவிட்டாலும் வார்டுத் தலைவரின் கடிதம், தலைமையாசிரியரின் நல்ல மனம் என்று ஏதாவது ஒன்றில் காரியம் நடந்துவிடும். 2008 அரசியல் சட்டம் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி பற்றிப் பேசுகிறது. ஆனால் கல்வி உரிமையைச் சொல்லும் 366ஆம் பிரிவு ‘ஒவ்வொரு குடிமகனுக்கும்’ என்றுதான் தொடங்குகிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் பர்மா 1991இல் சேர்ந்தது. அது ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்கிறது. குடிமகனுக்கும் குழந்தைக்கும் இடையில் உள்ள அந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் இந்தப் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள்.

பத்து வயது: இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்து வயது முடிந்த ஓராண்டுக்குள் பெற்றோரோ பாதுகாவலரோ பிள்ளையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1982 சட்டத்தின் ஒன்பதாம் பிரிவே சொல்கிறது. தவறினால் தக்க காரணம் காட்டி அப்புறம் மனுப் போடலாம். முதல் அட்டை இந்த வயதில்தான் வருகிறது, பதினெட்டில் மாற்ற வேண்டும். இளஞ்சிவப்பு அட்டை உள்ள வீடுகளில் இது வழக்கமான வேலை. அட்டை இல்லாத வீட்டில் இந்த வயது சத்தமில்லாமல் கடந்து போகிறது. பிள்ளை அப்போது நாலாம் ஐந்தாம் வகுப்பில் நன்றாகத்தான் படித்துக்கொண்டிருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காததால் பெற்றோருக்கும் அவசரம் தெரியாது.

உயர்நிலைப் பள்ளி: வகுப்பில் மற்ற பிள்ளைகள் அட்டையைப் பையில் வைத்திருக்கிறார்கள், தன்னிடம் இல்லை என்று பிள்ளைக்குத் தெரியவரும் வயது இது. ரங்கூனுக்குப் போய் டியூஷன் படிக்கலாம் என்றால் பஸ்ஸில், சாவடியில், இரவு தங்கும் வீட்டில் அட்டை கேட்பார்கள். நிறையப் பையன்கள் இந்த இடத்தில் படிப்பை விட்டுவிட்டு டீக்கடைக்கோ கட்டட வேலைக்கோ போவதை, ‘படிப்பு ஏறவில்லை’ என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மேலே போய் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறுவது கடினம்.

மெட்ரிக்: பள்ளியிறுதிக்கும் பல்கலைக்கழக நுழைவுக்கும் இந்த ஒரு பரீட்சைதான். ஆறு பாடம், 600 மதிப்பெண். அதைப் பார்த்துத்தான் மருத்துவமா, பொறியியலா, கலைப் பாடமா என்று பிரிக்கிறார்கள். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போது அட்டை எண் கேட்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் சேர அது கட்டாயம். பத்து வயதிலிருந்து ஓடவேண்டிய வேலைக்கு, பதினேழு வயதில், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓடுகிறார்கள். அந்தப் பதற்றத்தில்தான் தரகர்கள் காசு பார்க்கிறார்கள்.

தொழிற்கல்வி: அட்டையே இல்லாதவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மருத்துவம், தொழில்நுட்பம் சார்ந்த சில உயர்படிப்புகளில் இடமில்லை என்பது நீண்ட காலமாக நடப்பில் இருக்கிறது. ஆக, எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், அடைப்புக்குள் இருக்கும் அந்த எழுத்து முடிவு செய்துவிடுகிறது. ரக்கைனில் 2012 கலவரத்துக்குப் பிறகு ரோஹிங்யா இளைஞர்களுக்கு சித்வே பல்கலைக்கழகம் மூடிக்கொண்டது இதே வேரின் மிகக் கொடிய கிளை. நம் பிள்ளைகளின் நிலை அவர்களுடையதோடு ஒப்பிடக் கூடியதல்ல, அவர்கள் பட்டது மிக மிக அதிகம். ஆனால் இரண்டுக்கும் கருவி ஒரே சட்டம்தான் என்பதை நம்மவர்கள் மறக்கக் கூடாது.

பெயர் என்ற தடை

‘உறுதியான சான்று’ என்பது நடைமுறையில் என்ன? தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளை என்று ஒரு சங்கிலியைக் காகிதத்தில் காட்ட வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் அந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் பெயரில்.

ஒரு உதாரணம். வீட்டிலும் கோயிலிலும் பையன் பெயர் முருகேசன். பள்ளியில் கேலி செய்யக் கூடாது என்று பர்மியப் பெயர் வைத்து, சோ வின் என்று சேர்த்தார்கள். குடும்பப் பட்டியல் எழுதிய எழுத்தர் ‘மௌங் சோ வின்’ என்று எழுதினார். பர்மியத்தில் ‘மௌங்’ சிறுவனைக் குறிக்கும் முன்னொட்டாகவும் வரும், பெயரின் பகுதியாகவும் வரும். அப்பாவின் பெயர் எஃப்.ஆர்.சி.யில் ஆங்கிலத்தில் ‘ராமசாமி’, குடும்பப் பட்டியலில் பர்மியப் பெயர். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நம்முடைய தலைப்பெழுத்தோ பர்மிய எழுத்தில் ஏறும்போது காணாமல் போகும். இப்போது லவக அலுவலகத்தில், அதாவது குடிவரவு, பதிவு அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்ப்பது நாலு தனித்தனி ஆட்களை. அவர்கள் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் நம் மேல்.

இதில் தவறு யாருடையது என்று பேசுவது எளிது. பர்மியப் பெயர் வைத்த பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். தோலின் நிறத்தைப் பார்த்து ‘கலா’ என்று இழிவாகக் கூப்பிடும் வகுப்பறையில் பிள்ளை நிம்மதியாக உட்கார வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் வைத்த பெயரை எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

குடியுரிமையும் பள்ளியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பல நாடுகள் இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றன.

பர்மா 1982 அக்டோபரில் மூன்று வண்ணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் 15இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டெக்சாஸ் மாநில வழக்கு ஒன்றில், அனுமதியின்றி நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற நூலிழை வித்தியாசத்தில் வந்த தீர்ப்பு அது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். அங்கேயும் பள்ளி முடிந்ததும் கல்லூரிக் கட்டணம், வேலை அனுமதி என்று சுவர்கள் எழும்புகின்றன. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை வாசல் சட்டப்படி திறந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம், பிறப்புச் சான்று உள்ளிட்ட ஆவணங்கள் இல்லாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றது.

நமக்கு மிக அருகில் இருப்பது தாய்லாந்து. 2005 ஜூலை 5இல் எடுத்த அமைச்சரவை முடிவின்படி, எந்தக் காகிதமும் இல்லாத பிள்ளையும் அரசுப் பள்ளியில் சேரலாம். பள்ளி அந்தப் பிள்ளைக்கு ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண் வாங்கித் தருகிறது. அந்த எண் குடியுரிமை தராது, தங்கும் உரிமையும் தராது. ஆனால் பள்ளிக்கு அந்தப் பிள்ளையின் தலைக்கு மானியம் வரும், பிள்ளைக்குப் படித்ததற்குச் சான்றிதழ் கிடைக்கும். குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்காமலே படிப்புச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்று இது காட்டுகிறது. பர்மாவுக்கும் இது முடியாத காரியமில்லை. ஒரு பதிவு எண்ணும், வண்ணம் பார்க்காமல் மதிப்பெண் பார்க்கும் ஒரு சேர்க்கை விதியும் போதும்.

2021க்குப் பிறகு

ராணுவ ஆட்சி வந்ததும் லட்சக்கணக்கான இளைஞர்கள் தாய்லாந்துப் பக்கம் போனார்கள். கட்டாய ராணுவச் சேவை ஆண்களுக்கு 18 முதல் 35 வயதுவரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை என்று அறிவித்த பிறகு இன்னும் கூட்டம். அந்தச் சட்டம் குடிமக்களுக்கானது. ஆனால் 2024இல் ரக்கைனில், குடியுரிமை மறுக்கப்பட்ட ரோஹிங்யா ஆண்களையே பிடித்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆகவே ‘அட்டை இல்லாவிட்டால் பட்டாளம் கூப்பிடாது, இப்படியே இருந்துவிடலாம்’ என்று சில வீடுகளில் பேசுவது ஆபத்தான கணக்கு.

எல்லை தாண்டிய பிள்ளை இப்போது உண்மையிலேயே முதல் வகைக்குள், அதாவது அனுமதியின்றிக் குடியேறியவர் என்ற வகைக்குள், போகிறது. தாய்லாந்து எல்லையில் உள்ள மே சோட் பகுதியில் புலம்பெயர்ந்தோர் நடத்தும் கற்றல் மையங்களில் படிக்கலாம். சிறு வயதாக இருந்தால் ‘ஜி’ எண்ணோடு தாய்லாந்துப் பள்ளியிலும் சேரலாம். பதினாறு பதினேழு வயதில் போனவர்களுக்குத் தாய்லாந்து மொழி தெரியாது, ஆகவே பலர் அமெரிக்கப் பள்ளியிறுதிக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வை நாடுகிறார்கள். அதை எழுதவும் பாஸ்போர்ட் போன்ற அரசு அடையாளம் தேவை. பாஸ்போர்ட் எடுக்க பர்மிய அட்டை தேவை. ஊரில் தப்பித்த கேள்வி அயல்நாட்டில் அதே வடிவில் வந்து நிற்கிறது. மலேசியாவுக்குப் போனவர்களுக்கு இன்னும் கடினம். அங்கே அகதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதில்லை, சமூகக் கற்றல் மையங்கள்தான் வழி.

வீட்டில் இப்போது பார்க்க வேண்டியவை

சட்டம் மாறும்வரை காத்திருந்தால் இந்தப் பிள்ளைகளின் பள்ளி வயது முடிந்துவிடும். இருக்கிற சட்டத்துக்குள் செய்யக் கூடியவை சில உண்டு.

1. பிள்ளை பிறந்ததும் பிறப்புச் சான்று வாங்குங்கள். அப்பா அம்மாவுக்கு அட்டை இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். 2019 குழந்தை உரிமைச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்புப் பதிவு உரிமை என்று சொல்கிறது.

2. குடும்பப் பட்டியலில், அதாவது 66/6 படிவத்தில், பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் பிறப்புச் சான்றில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலும் அதே.

3. பத்து வயதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ராணுவ ஆட்சி 2021இல் தொடங்கிய ‘பன்கின்’ திட்டத்தில் அலுவலர்கள் ஊருக்கே, பள்ளிக்கே வந்தும் அட்டை போடுகிறார்கள். அந்த நாளில் காகிதம் தயாராக இருக்கிற பிள்ளைக்குத்தான் அது உதவும்.

4. அட்டை இல்லாத அப்பாவோ அம்மாவோ தங்களுக்கு முதலில் மனுப் போடுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் வண்ணம்தான் அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளின் வண்ணத்தைத் தீர்மானிக்கும்.

5. பெற்றோரின் நீல, பச்சைச் சான்றில் பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளை, பதினெட்டு முடிந்த ஓராண்டுக்குள் நேரில் போய் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

6. அலுவலகத்தில் கிடைக்கும் பதில் எதுவானாலும், மனுவின் நகலும் கொடுத்த தேதியும் உங்களிடம் இருக்கட்டும். அவர்கள் காரணம் எழுதித் தர மாட்டார்கள். எப்போது போட்டோம் என்பதற்காவது சாட்சி வேண்டும்.

7. தரகர் சொல்கிறார் என்று இனத்தை மாற்றி எழுதி இளஞ்சிவப்பு வாங்காதீர்கள். பிறப்பால் குடிமகனல்லாத ஒருவரின் குடியுரிமையை அரசு பறிக்க 1982 சட்டம் இடம் தருகிறது. பொய்யான தகவலில் நிற்கும் அட்டை, பிள்ளை கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதும் கையைவிட்டுப் போகலாம்.

8. பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய எஃப்.ஆர்.சி. இருந்தால், அதை அவமானமாக நினைத்து ஒளித்து வைக்கவோ எரிக்கவோ வேண்டாம். வெளிநாட்டவர் என்று முத்திரை குத்திய அதே காகிதத்தில் முன்னோர் பர்மாவுக்கு வந்த ஆண்டு எழுதியிருந்தால், 1948 ஜனவரி 4க்கு முன்பே நாம் இந்த மண்ணில் இருந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அந்த வீட்டில் வேறு இருக்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தண்ணீரும் தீயும் எட்டாத இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.